மாமன் பதித்த தொட்டில் கொக்கி

வசந்தாமணி நடு அறையைக் கூட்டுகிறாள் என்றால் அந்தத் தெருவுக்கே தெரியும். மற்ற அறைகளில் சீமாறு தரையைத் தடவும். நடு அறையில் மட்டும் தரையை அடிக்கும். எதிர்வீட்டு ஆத்தாயி வாசலில் பால் கேனைக் கழுவிக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டு, "இன்னைக்குக் கட்டி பெருசா உளுந்திருக்குதாட்ட இருக்குது" என்பாள்.

அது உண்மையும்கூட. வசந்தாமணியின் முறத்தில் சேர்வது வெறும் தூசி அல்ல. மேலே தளத்திலிருந்து உதிர்ந்த சிமெண்டுப் பொருக்கு, நொய் அரிசி போல ஜல்லித் துணுக்கு, அவற்றோடு செதில் செதிலாகத் துரு. அதை அவள் குப்பைமேட்டில் கொட்டுவதில்லை. அடுப்படி மூலையில் ஒரு பழைய உரச்சாக்கு வைத்திருந்தாள், அதில் கொட்டுவாள். கொட்டும்போது பல்லைக் கடிப்பாள். சாக்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது.

அந்த நடு அறையின் கூரையில், நட்டநடுவில், ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. தொட்டில் கட்டுவதற்காகப் பதித்த கொக்கி. உதிர்வதெல்லாம் அந்தக் கொக்கியைச் சுற்றித்தான் உதிர்ந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை, கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து, மருந்தும் ஊசியும் வேண்டுதலுமாக அவள் அழுது பெற்ற மகளை அதே கொக்கியில்தான் தொட்டிலிட வேண்டுமென்று வீட்டு ஆண்கள் முடிவு செய்திருந்தார்கள்.

முடிவு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் கணவன் கதிர்வேல். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கர், ஒடிசா என்று நிலத்தைத் துளைத்துக்கொண்டு திரிபவன். மற்றவர் அவளுடைய ஒரே அண்ணன்; பெயரே சின்னண்ணன்.

அந்த அண்ணனை எதிர்ப்பது வசந்தாமணிக்கு எத்தனை பாடு என்று சொன்னால்தான் அவள் கோபம் புரியும். ஜேடர்பாளையத்தில், காவிரித் தடுப்பணைக்குப் பக்கத்துக் காட்டில் பிறந்தவள் அவள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது அவள் பாவாடை கட்டிய சிறுமி. அதற்குப் பிறகு அப்பாவும் அண்ணன்தான், அம்மாவும் அண்ணன்தான். கரும்புக் காட்டில் தண்ணீர் கட்டிவிட்டு, சேற்றுக் காலோடு வந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டவர். தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு அவள் கல்யாணத்தை முடித்தவர். அவர் எதிரே அவள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. "ஏனுங்ணா", "சரிங்ணா" தவிர அவரிடம் வேறு பேச்சு பேசியதில்லை.

இப்படிப்பட்ட அண்ணன்தான் அந்தக் கொக்கியைப் பதித்தார். எல்லாக் கேடும் அன்றைக்கே ஆரம்பித்தது.

வசந்தாமணி புதுப்பெண்ணாக எருமப்பட்டிக்கு வந்த வருடம், அப்போது உயிரோடிருந்த கதிர்வேலின் அப்பா பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு எழுப்பினார். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். தொட்டில் கொக்கியைத் தாய்மாமன்தான் தன் கையால் பதிக்க வேண்டும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அது மாமன் செய்யும் முதல் சீர். ஓட்டு வீட்டு விட்டத்தில் கொக்கி அடிப்பதற்கு மாமன் எப்போது வந்தால் என்ன? காலையில் வந்தாலும் சரி, மறுநாள் வந்தாலும் சரி. மரம் காத்திருக்கும். கான்கிரீட் காத்திருக்குமா?

அது சித்திரை மாதம். காலை நல்ல நேரத்தில் மிக்ஸர் மெஷின் ஓடத் தொடங்கியது. சித்தாள்கள் வரிசையாக நின்று, இரும்புச் சட்டியில் பாண்டு பாண்டாகக் கலவையை மேலே ஏற்றினார்கள். பாதித் தளம் நிறைந்து, நடு அறைக்கு மேலே வந்தபோது மாமனார் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்கப்பா. மாமன் வரோணும்."

அண்ணன் வரவில்லை. கொல்லரிடம் கொக்கியைச் செய்து வாங்கி, காவிரியில் முழுக்காட்டி, குலசாமி கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பஸ் மாறி பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார். மெஷின் நின்றது. ஆட்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். தளத்தின் மேல் வெயில் கொட்டியது. கொத்தனார் இரண்டு தடவை கீழே இறங்கி வந்து, "பெரியவரே, போட்ட எடம் இறுகிருச்சுங்க. இனி மேக்கொண்டு போட்டா ஒட்டாதுங்க" என்று கெஞ்சினார்.

"ஒரு கொக்கிய மாமன் இல்லாமப் பதிச்சா சபை சிரிக்கும். உன்ற வேலையப் பாரு" என்றார் மாமனார்.

பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் துணியில் சுற்றிய கொக்கி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாண்டில் கெட்டித்துக் கிடந்த கலவையில் தண்ணீரைத் தெளித்துக் கிளறி, கொக்கியைக் கம்பியில் மாட்டி, அண்ணன் தன் கையால் அள்ளிப் போட்டு அமுக்கினார். வசந்தாமணி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கண்ணீர் விட்டாள். ஆனந்தக் கண்ணீர்! அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

சென்ட்ரிங் பலகையைப் பிரித்த அன்றே கோடு தெரிந்தது. கூரையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, கொக்கியைத் தொட்டுக்கொண்டு ஒரு கறுத்த கோடு. காலையில் போட்ட கான்கிரீட்டும் மாலையில் போட்ட கான்கிரீட்டும் ஒன்றோடொன்று சேராமல் நின்ற இடம். முதல் மழைக்கே அந்தக் கோட்டில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது.

"பூசிரலாம்" என்றான் கதிர்வேல்.

அந்த ஒரு வார்த்தையோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள். ஒரு மழைக்குச் சிமெண்டுப் பால் ஊற்றினார்கள். அடுத்த மழைக்குத் தார்ச்சீட்டு ஒட்டினார்கள். அதற்கடுத்து மேலே வெள்ளைப் பெயிண்ட். உள்ளே கம்பி துருவேறி ஊதி, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளியபோது, கீழேயிருந்து கலவையை அப்பி, பட்டி பார்த்து, சுண்ணாம்பு அடித்தார்கள். ஆறு மாதம் கூரை பளபளவென்றிருக்கும். பிறகு அப்பியதோடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் விழும்.

கொக்கியோ வெறும் கொக்கியாகவே தொங்கியது. பிள்ளை இல்லை.

விசேஷத்துக்கு வந்த உறவுப் பெண்கள் அந்த அறையில் பாய் விரித்து உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து, வாய்க்குள் சிரித்தார்கள். "கொக்கிய முன்னாலயே மாட்டிட்டாங்க. தொட்டிலுக்குத்தான் ஆளக் காணோம்." வருடத்தில் பத்து மாதம் போர் வண்டியில் கிடக்கும் கணவனைப் பற்றி ஒருத்தியும் ஒரு சொல் சொல்லவில்லை. எல்லாப் பழியும் வசந்தாமணியின் வயிற்றுக்கு. மிச்சம் இருந்தது அண்ணனின் கைக்கு. "பதிச்ச கையில ராசி இல்ல போல" என்று யாரோ ஒருத்தி சொன்னது ஜேடர்பாளையம் வரை போய், அண்ணன் அதற்குப் பிறகு எந்தச் சீரிலும் முன்னால் நிற்காமல் ஒதுங்கிப்போனார்.

கல்லும் கரையும் என்பார்களே, கடைசியில் தெய்வம் கரைந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் வசந்தாமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் குலுங்கிக் குலுங்கி அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"என்ற கொக்கி காத்துக்கிட்டு இருந்துச்சு பாரு அம்மிணி!"

அவள் குழந்தையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

குழந்தையோடு வீட்டுக்கு வந்ததும் அடுப்படியை ஒட்டிய தகரக் கூரை அறையில்தான் படுத்தாள். "பச்சைப்புள்ளையப் புழுக்கத்துல போட்டு வதைக்கறா" என்று ஊர் பேசியது. கதிர்வேல் விடுப்பில் வந்தவன், நடு அறையில் மெத்தை விரித்து, மின்விசிறியைப் போட்டு, "இங்க கொண்டா புள்ளைய" என்று அழைத்தான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலைப்படியில் கால் வைக்கும்போதே மேலேயிருந்து தட்டு அகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து மெத்தையின் மேல் விழுந்தது. குழந்தையின் தலைக்காக வைத்திருந்த சின்னத் தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது.

கதிர்வேல் குழந்தையைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். அப்புறம் மூச்சை விட்டான்.

"நல்லவேளை. படலயில்ல?"

படவில்லையாம்! வசந்தாமணி அவனைப் பார்த்த பார்வையில் அவன் மெத்தையை உதறுவதுபோல் திரும்பிக்கொண்டான். மறுநாள் காலை அவளே கொத்தனாரைக் கூப்பிட்டாள். அவர் சுத்தியால் தட்டிக்கொண்டே போனார். சுவரோரம் டங்கென்றது. கொக்கியைச் சுற்றி, காலிப் பானையைத் தட்டினாற்போல் பொத்துப் பொத்தென்றது.

"இதுக்கு மேல பூசறதுக்கு ஒண்ணுமில்லீங்க. இந்த ரூம் தளத்த எடுத்துட்டு, கம்பி புதுசாக் கட்டி, மறுபடியும் போடோணும்."

"இன்னைக்கே எடுங்க" என்றாள் அவள்.

சாரப் பலகை இறங்குவதற்குள் அண்ணனின் பைக் வாசலில் நின்றது. கதிர்வேல்தான் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். அண்ணன் உள்ளே வந்தார், அண்ணாந்து பார்த்தார், கொத்தனாரைப் பார்த்தார்.

"யாரக் கேட்டு இத ஒடைக்க வந்தே? எடுப்பா சாமானத்த."

"ணா, புள்ள தலையில உளுந்திருக்கும்ணா..."

"உளுந்துச்சா? உளுகல இல்ல? தொட்டில் போடறதுக்கு முன்னால கொக்கிய அறுக்கறது அபசகுனம் அம்மிணி. பூசிக்கலாம். தொட்டில் முடியட்டும். அப்புறம் என்ன வேணா பண்ணிக்குங்க."

"ஸ்டாண்டுத் தொட்டில் வாங்கிக்கலாங்ணா. நெறைய வந்திருக்குது. நீங்களே வாங்கிட்டு வாங்க, அதையே சீரா வெச்சுக்கலாம்."

சின்னண்ணனின் முகம் கறுத்தது. "கம்பித் தொட்டில்லயா? என்ற மருமகளயா? ஊரே என்ற கைய ராசியில்லாத கைன்னு பேசுச்சு. நான் கேட்டுக்கிட்டு நடந்தேன். இப்ப அந்தக் கொக்கியில புள்ள ஆடறத ஊரு பாக்கோணும். அந்தக் கொக்கிய நீ அறுத்தீன்னா, என்ற கைய அறுத்ததாட்ட. அப்புறம் இந்த ஊட்டு வாசல நான் மிதிக்க மாட்டேன். உனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல."

கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டு சாமானை எடுத்துப்போனார். சாயங்காலமே வேறொரு ஆள் வந்து, விழுந்த இடத்தில் கலவையை அப்பி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்துவிட்டுப் போனான். கூரை மணப்பெண் மாதிரி மின்னியது. வசந்தாமணி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, உதடு கிழியக் கடித்தாள். ஒரு பக்கம் தலை பின்னிவிட்ட கை. இன்னொரு பக்கம் மார்பில் முட்டும் சின்னத் தலை. எந்தத் தாய்க்காவது இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அவளை யோசிக்க வைத்தார்களே, அந்தக் கொடுமையைத்தான் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசலில் பந்தல், மைக்செட், சொந்தபந்தம். அண்ணன் பட்டு வேட்டியில் வந்தார். பின்னாலேயே தாம்பாளங்களில் பழம், வெல்லம், வெள்ளிக் கொலுசு, அரக்குச் சேலை. நாற்காலியில் ஏறி, கொக்கியில் கயிற்றை மாட்டி, சேலையைத் தொட்டிலாகக் கட்டினார். மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். பட்டிப் பொடி கொஞ்சம் அவர் தோளில் உதிர்ந்தது. தட்டிவிட்டுக்கொண்டார்.

குழந்தையைக் கிடத்துவதற்கு முன்னால் தொட்டிலில் அம்மிக் குழவியைக் கிடத்தி ஆட்டுவார்கள். குழந்தை கல்லைப் போல் உரமாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஆத்தாயி குழவிக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, துணி சுற்றிக் கொண்டுவந்து கிடத்தினாள். அண்ணன் ஆட்டினார். தொட்டில் போனது, வந்தது. கயிறு முனகியது. வசந்தாமணி நிலைப்படிக்கு வெளியே குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, மூச்சு விடாமல் கூரையையே பார்த்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. கொக்கி நின்றது.

"பாத்தியா?" அண்ணன் சபையைப் பார்த்துச் சிரித்தார். "கல்லையே தாங்குது. எங்க மருமக பூவாட்ட. கொண்டா அம்மிணி."

"குடுக்க மாட்டேன்."

மைக்செட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"என்ன சொன்னே?"

"என்ற புள்ளைய அதுல போட மாட்டேன்."

"ஏம்புள்ள, கிறுக்கு புடிச்சிருச்சா?" கதிர்வேல் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதருகே வந்தான். "சபையில மானத்த வாங்காத. ஒரு தடவ போட்டு எடுத்துரலாம்."

"ஒரு தடவ போதுமுங்க. கல்லு உளுகறதுக்கு ரெண்டு தடவ வேணுமா?"

"புள்ள பெத்தவளுக்கு இத்தன கோவம் ஆகாது, சாமி" என்றாள் ஆத்தாயி.

"ஆகாதுதான். எனக்கு மட்டும் ஆசையா?" வசந்தாமணி விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். ஒரு கையில் குழந்தை. இன்னொரு கையால் அந்த உரச்சாக்கின் வாயைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, நிலைப்படியிலிருந்தே நடு அறைக்குள் கவிழ்த்தாள். பொருக்கும் ஜல்லியும் துருவும் மளமளவென்று கொட்டி, சீர்த் தாம்பாளம் வரை உருண்டு போயின.

"இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? ஆகாசத்துல இருந்தா? பூசிரலாம், பூசிரலாம்னு வெள்ளையடிச்சீங்களே, அதுக்குள்ள இருந்து உளுந்தது. நான் தெனமும் கூட்டினேன். நீங்க யாராவது ஒருநாள் சீமாறப் புடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். இவ பொறக்கறதுக்கு முன்னால அண்ணாந்து பாத்துச் சிரிச்சீங்களே, சிரிச்சவங்க எல்லாம் இங்கதான் இருக்கறீங்க. இப்பப் பாருங்க அண்ணாந்து!"

யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

சின்னண்ணனுக்குக் கண் சிவந்தது. "என்ற கைய ராசியில்லாத கைன்னு ஊரு சொன்னப்பக்கூட தாங்கிக்கிட்டேன். நீயே சொல்றியா?"

"உன்ற கைய யாரு சொன்னா? அன்னைக்கு நீ பொழுது சாயற வரைக்கும் வராம இருந்தியே, அதச் சொல்றேன். பாதித் தளத்த வெயில்ல காயப் போட்டுட்டு உனக்காகக் காத்திருந்தாங்களே, அதச் சொல்றேன். உன்ற மரியாதைக்காக நின்ன மெஷினு, இன்னைக்கு என்ற புள்ள தலைக்கு மேல நிக்குது."

அண்ணனை அவள் 'நீ' என்று சொன்னது அதுவே முதல் தடவை.

"அத்தன நம்பிக்கையா உனக்கு? அப்ப நீயே தொங்கு. நீ பதிச்சதுதானே? தொங்கிக் காட்டு. அப்புறம் என்ற புள்ளையத் தாரேன்."

"வேண்டாமுங்க மச்சான்" என்று கதிர்வேல் முன்னால் வந்தான். அண்ணன் அவனைத் தள்ளிவிட்டார். ரோஷம் கண்ணை மறைத்துவிட்டது. தொட்டில் கயிற்றை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தார். காலைத் தரையிலிருந்து தூக்கினார்.

மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். அப்புறம் புழுதி. பெண்கள் அலறினார்கள். குழந்தை வீறிட்டது. வசந்தாமணி குழந்தையை ஆத்தாயியின் கையில் திணித்துவிட்டுப் புழுதிக்குள் ஓடினாள்.

அண்ணன் தரையில் மல்லாந்து கிடந்தார். இடது தோளின் மேல் ஒரு பாளம். நெற்றியில் ரத்தம். அவர் கையில் இன்னும் கயிறு இருந்தது. கயிற்றின் நுனியில் கொக்கி. கொக்கியை மாட்டியிருந்த கம்பி, விரல் பருமன் இருந்த கம்பி, அரித்து அரித்து ஊதுவத்திக் குச்சி போல் மெலிந்து முறிந்திருந்தது. தொட்டிலுக்குள், சரியாகக் குழந்தையின் தலை இருக்க வேண்டிய இடத்தில், குழவியின் மேல் ஒரு கட்டி விழுந்து பிளந்து கிடந்தது.

அவள் பாளத்தைப் புரட்டித் தள்ளினாள். முந்தானையைக் கிழித்து அண்ணனின் நெற்றியில் கட்டினாள். கட்டிக்கொண்டே கத்தினாள். "செத்திருந்தா? செத்துப் போயிருந்தா நான் எங்க போவேன்? உனக்கு அறிவில்ல? தொங்குன்னா தொங்கிருவியா?" கண்ணீர் கொட்டியது. ஆனால் குரலில் ஒரு துளி இளக்கம் இல்லை. அவர் அந்தத் தொட்டிலைப் பார்த்தார், குழவியைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

தோளெலும்பு முறிவு. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஜேடர்பாளையம் போய்விட்டார். வசந்தாமணி போன் செய்தால் எடுக்கவில்லை. அவள் மறுபடியும் செய்யவும் இல்லை. அவளுக்குக் கோபம் ஆறவில்லை.

நடு அறைத் தளத்தை முழுக்க உடைத்து எடுத்தார்கள். பழைய கொத்தனாரே வந்தார். கம்பி கட்டி, பலகை அடைத்து, கான்கிரீட் போடும் நாள் வந்தது. கதிர்வேல் வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தான்.

"மச்சானுக்குச் சொல்லி உட்டிருக்கேன். கொஞ்சம் பாத்துட்டு..."

"மெஷின ஓட்டுங்க" என்றாள் வசந்தாமணி கொத்தனாரிடம்.

"கொக்கி வெக்கறதாம்மா?"

"ஃபேனுக்கு வெச்சிருக்கீங்கல்ல? அது போதும். நடுவுல யாரு வந்தாலும் நிறுத்தாதீங்க. சாமியே வந்தாலும் டீ குடிச்சுட்டு நிக்கட்டும்."

மெஷின் நிற்கவே இல்லை. மேலே கடைசிப் பாண்டைக் கொட்டி மட்டக்கட்டையால் இழுத்து முடித்த பிறகுதான் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தோளில் தூளிக் கட்டோடு அண்ணன் இறங்கினார். இளைத்திருந்தார். ஏணியைப் பார்த்தார். கழுவி அடுக்கியிருந்த பாண்டுகளைப் பார்த்தார்.

"எனக்குன்னு ஒரு பாண்டுகூட மிச்சம் வெக்கல."

"மிச்சம் வெச்சுப் போட்டதோட கதி உன்ற தோள்பட்டையில இருக்குது."

கதிர்வேல் தலையைச் சொறிந்தான். அண்ணன் திரும்பி ஆட்டோவைப் பார்த்தார்.

"நில்லு" என்றாள் வசந்தாமணி. "நாளையில இருந்து மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தோணும். ஒருநாள் காஞ்சாலும் போச்சு. இவுரு நாளைக்கு வண்டிக்குப் போறாரு. நான் பச்சைப்புள்ளைய வெச்சுக்கிட்டு ஏணி ஏற முடியாது. மரியாதை வேணும்னா வந்து தண்ணி ஊத்து."

அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். "அண்ணனை இப்பிடியா பேசுவே?" என்று ஆத்தாயி எதிர்வீட்டிலிருந்து அங்கலாய்த்தாள். வசந்தாமணி வாசல் கேட்டை ஓங்கிச் சாத்தினாள்.

மறுநாள் காலை, குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து அண்ணாந்தாள். வேட்டியை மடித்துக் கட்டி, நல்ல கையில் ரப்பர் குழாயைப் பிடித்து, மண்ணால் கட்டிய பாத்திகளுக்கு அண்ணன் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கரும்புக் காட்டில் கட்டியதைப் போலவே, ஒரு பாத்தி நிறைந்ததும் அடுத்ததற்குக் குழாயைத் திருப்பினார். அவள் முந்தானை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

"கெழக்கு மூலை காயுது. கண்ணு தெரியலியா?" என்று கத்தினாள்.

அவர் குழாயைக் கிழக்கு மூலைக்குத் திருப்பினார். பிறகு, கீழே பார்க்காமலே கேட்டார்.

"புள்ளைக்கு என்ன பேரு வெச்சீங்க?"

"வெக்கல."

"ஏனாம்?"

"மாமன்தான காதுல சொல்லோணும். கான்கிரீட் இறுகிப் போகும், பேரு இறுகியா போகப் போகுது?" குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் சொன்னாள். குரலில் இன்னமும் சூடு அடங்கவில்லை. "எறங்கி வந்து சொல்லு. தனப்பிரியான்னு நெனச்சு வெச்சிருக்கேன். அதுக்கு முன்னால அந்த மூலைய நல்லா நனை. அரையுங்கொறையுமா உட்டுட்டு எறங்கினேன்னா ஏணிய எடுத்துருவேன்."